‘உயிர் பிழைச்சா போதும்’ – அது பாதி பதில்தான்!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணிடம் ஆறு மாதம் கழித்து, “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். மதுரையோ மாயவரமோ, பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “உயிர் பிழைச்சேனே, அது போதும்.” டாக்டரும் கேஸ் ஷீட்டில் ‘நலம்’ என்று எழுதி அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்.

ரவிக்கைக்குள் ஒரு பக்கம் பழைய துணியை மடித்து வைத்துக்கொள்வது, பல வருடம் பழகிய டெய்லரை விட்டு முகம் தெரியாத டெய்லரைத் தேடிப் போவது, கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் ஏதாவது காரணம் சொல்வது, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் புடவை மாற்றுவது... இதெல்லாம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை. யாரும் கேட்காததால் அவரும் சொல்வதில்லை.

கடந்த முப்பது வருடங்களில் மார்பக அறுவை சிகிச்சை பெரிதாக மாறியிருக்கிறது. கட்டியை எடுத்த கையோடு, மிச்சமிருக்கும் மார்பகத்தை அதே ஆபரேஷனில் வடிவம் திருத்தித் தைத்துவிடுகிறார்கள். ‘ஆன்கோபிளாஸ்டிக் சர்ஜரி’ என்று இதற்குப் பெயர். புற்றுநோயை அகற்றும் அறுவையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே மேஜையில் நடக்கின்றன. இதைச் செய்துகொண்ட பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? நோய் திரும்புகிறதா? அவர்களுக்குத் திருப்தியா? இந்தக் கேள்விகளுக்கு உலகம் முழுக்கப் பதில் தேடியிருக்கிறார்கள். கிடைத்த பதில்களில் நல்ல செய்தியும் உண்டு, விளம்பரங்களில் வராத செய்தியும் உண்டு.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது என்பது ‘குளோபோகான்’ என்ற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பின் மதிப்பீடு. அதோடு, மேலை நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்குச் சராசரியாகப் பத்து வயது முன்னதாகவே இந்த நோய் வருகிறது. நாற்பத்தைந்து வயதில் ஆபரேஷன் செய்துகொள்பவர் அதன் பிறகு முப்பது வருடம் அந்த உடம்போடு வாழப்போகிறார். அப்படியிருக்க, ‘இந்த வயசுல இனி அழகு எதுக்கு?’ என்று அவர் சார்பில் பதில் சொல்ல வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. டாக்டருக்கும் இல்லை.

‘எல்லாத்தையும் எடுத்துடுங்க’

முழு மார்பகத்தையும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் முளைத்ததில்லை. அதைப் பரப்பியவர்கள் மருத்துவர்களேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு முறையைப் பிரபலப்படுத்தினார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசை, அக்குள் நெறிக்கட்டுகள் என எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி எடுப்பது அந்த முறை. விலா எலும்பு தோலோடு ஒட்டித் தெரியும், கை வீங்கிக்கொள்ளும். அப்படியும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதுதான் வேதவாக்கு.

அதை உடைத்தவர்கள் இருவர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரொனேசி 1973-இல் தொடங்கிய ஆய்வில் 701 பெண்களைச் சேர்த்தார். எல்லோருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி. பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறை. மீதிப் பேருக்கு மார்பகத்தின் கால் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1,851 பெண்களைப் பின்தொடர்ந்தார். இரண்டு ஆய்வுகளின் இருபது வருட முடிவுகளும் 2002-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒன்றாக வெளிவந்தன. மிலானில், முழுதாக எடுத்தவர்களில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் சுமார் 24 சதவீதம், பகுதியாக எடுத்தவர்களில் சுமார் 26. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை.

ஃபிஷர் ஆய்வுக்கு நடுவில் ஒரு சோதனையும் வந்தது. அதில் பங்கேற்ற மான்ட்ரியல் மருத்துவர் ஒருவர் நோயாளிகளின் விவரங்களைத் திருத்தியிருந்தது 1990-களில் அம்பலமாகிப் பெரிய களேபரம் ஆனது. அவர் அனுப்பிய கேஸ்களை மொத்தமாகக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். முடிவு மாறவில்லை.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு, அதை மறக்கக் கூடாது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு கொடுத்தவர்களில் அது 14 சதவீதம். மார்பகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ‘கரன்ட் வைப்பது’ அநேகமாகத் தப்பாது.

பேனாவும் கத்தியும்

உயிருக்குப் பாதகமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பிரச்னை தலைதூக்கியது. காப்பாற்றிய மார்பகம் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டி இருந்த இடத்தில் குழி, முலைக்காம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், கதிர்வீச்சுக்குப் பிறகு இன்னும் சுருங்கும். மார்பகத்தின் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தாலே கோணல் வெளியே தெரிந்துவிடும் என்பது அறுவை மருத்துவர்களின் கணக்கு. கீழ்ப்பகுதியிலோ உட்பக்கமோ கட்டி இருந்தால் அதைவிடக் குறைவாக எடுத்தாலும் தெரியும்.

ஜெர்மனியின் வெர்னர் ஆட்ரெட்ச், பாரிஸின் கிருஷ்ணா கிளோ போன்றவர்கள் இதற்கு வழி கண்டார்கள். கிளோ 2010-இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. 20 சதவீதத்துக்குள் எடுப்பதானால் பக்கத்துத் திசுவை விடுவித்து நகர்த்திக் குழியை மூடலாம். 20 முதல் 50 சதவீதம் வரை எடுக்க வேண்டியிருந்தால், மார்பகத்தைச் சிறிதாக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி முறைகளைக் கையாண்டு மொத்த வடிவத்தையே புதிதாக அமைக்க வேண்டும். பிளவுஸுக்கு டார்ட் பிடிக்கிற டெய்லரின் வேலைதான் இது. தட்டையாக இருப்பதை எங்கே மடித்து எங்கே தைத்தால் உருண்டு வரும் என்ற கணக்கு.

வேலை தொடங்குவது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. மயக்க ஊசிக்கு முன்பே நோயாளியை நிமிர்ந்து நிற்கவோ உட்காரவோ வைத்து, தோலில் மார்க்கர் பேனாவால் கோடு போடுகிறார்கள். படுத்துவிட்டால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து எல்லா அளவும் மாறிவிடும். கழுத்தடிக் குழியிலிருந்து முலைக்காம்புவரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளக்கிறார்கள். பிறகுதான் கத்தி. எடுத்த சதைத் துண்டு திசை மாறாமலிருக்க அதில் நூல் கட்டுகிறார்கள். வழக்கமாக மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல். பரிசோதனைக் கூடத்தில் அதன் புறப்பரப்பில் மை தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட இடத்தில் புற்றணு இல்லையென்றால் ஓரம் சுத்தம். இருந்தால் மறுபடி தியேட்டர். மார்பகத்துக்குள் கட்டி இருந்த இடத்தில் சின்னச் சின்ன டைட்டானியம் கிளிப்புகளை விட்டுவைக்கிறார்கள். திசுவை இடம் மாற்றித் தைத்த பின் கட்டி எங்கே இருந்தது என்று கதிர்வீச்சு மருத்துவருக்கு வேறு எப்படித் தெரியும்?

சிறிய மார்பகமானால் உள்ளே நகர்த்தத் திசு இருக்காது. அப்போது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்தில் இருக்கும் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பி உள்ளே வைக்கிறார்கள். முதுகுத் தசையை எடுத்து வருவதும் உண்டு.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் லாஸ்கன் குழு, அதுவரை வந்த ஆய்வுகளில் 8,600-க்கும் அதிகமான பெண்களின் விவரங்களைத் திரட்டி 2014-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. சாதாரணமாகக் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஓரத்தில் புற்றணு மிச்சமிருந்தது. வடிவம் திருத்தியவர்களில் 12 சதவீதம். இது மாயமில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் டாக்டர் தாராளமாக வெட்டுகிறார், அவ்வளவுதான். ஓரத்தை மறுபடி வெட்ட வேண்டி வந்தவர்கள் ஒரு பக்கம் 14.6 சதவீதம், மறு பக்கம் 4. தோற்றம் திருப்தி என்றவர்கள் 82.9 சதவீதத்துக்கு எதிராக 89.5.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு வரி இருக்கிறது. வடிவம் திருத்திய பிறகு ஓரத்தில் புற்றணு இருப்பது தெரியவந்தால், எந்த மூலையை மறுபடி வெட்டுவது என்று கண்டுபிடிப்பது கடினம். அதனால் முழு மார்பகத்தையும் எடுக்க நேர்ந்தவர்கள் இந்தப் பக்கம் 6.5 சதவீதம், சாதாரண முறையில் சுமார் 3.8. ‘காப்பாற்றுகிறோம்’ என்று சொல்லும் டாக்டர், ‘காப்பாற்ற முடியாமலும் போகலாம்’ என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

இன்னொரு உண்மையும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் 78 ஆய்வுகளை, ஏறத்தாழ 1.78 லட்சம் பெண்களின் விவரங்களை அலசியது. அந்த 78-இல் ஒன்றுகூட, சீட்டுக் குலுக்கி இவருக்கு இது அவருக்கு அது என்று பிரித்துச் செய்த ஆய்வு இல்லை. நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மறு ஆபரேஷன் குறையலாம், சிக்கல்கள் சற்றுக் கூடலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பது அவர்களின் முடிவு. எந்த மருத்துவமனையாவது ‘இதுதான் சிறந்தது என்று நிரூபிக்கப்பட்டது’ என்று போர்டு வைத்தால் நம்பாதீர்கள். ‘பாதுகாப்பாகத் தெரிகிறது, பல பெண்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்பதுவரைதான் இன்றைய நேர்மையான வாசகம்.

திருப்தியை அளப்பது யார்?

நீண்ட காலம் இதற்கு மார்க் போட்டவர்கள் டாக்டர்களே. போட்டோவைப் பார்த்து ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று எழுதுவார்கள். தன் பேப்பரைத் தானே திருத்துவதில் உள்ள சௌகரியம் நமக்குத் தெரியாததா?

2009-இல் ஆண்ட்ரியா பூசிக், ஆன் கிளாசன், ஸ்டெஃபன் கானோ ஆகியோர் ‘பிரெஸ்ட்-கியூ’ என்ற கேள்வித்தாளை வெளியிட்டபோதுதான் பேனா நோயாளியின் கைக்கு வந்தது. உடையோடு கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி இருக்கிறது, பிரா சரியாகப் பொருந்துகிறதா, நாலு பேர் நடுவில் தன்னம்பிக்கையோடு இருக்க முடிகிறதா, மார்பிலும் தோளிலும் வலி உண்டா, தாம்பத்தியம் எப்படி என்றெல்லாம் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். டாக்டர் முன்கூட்டி விளக்கிச் சொன்னாரா, ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி உலகில் இதைச் சின்னப் புரட்சி என்றே சொல்லலாம்.

பல நாடுகளில் இதைக் கொடுத்துப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வரும் சில விஷயங்கள் உண்டு. மார்பகம் காப்பாற்றப்பட்டவர்கள், முழுதாக எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாதவர்களைவிடப் பொதுவாக அதிக மதிப்பெண் தருகிறார்கள். தாம்பத்தியம் பற்றிய பகுதியில்தான் எந்த ஆபரேஷனானாலும் மதிப்பெண் மிகக் குறைவு. நம் ஊரில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கும் புறநோயாளிப் பிரிவு எத்தனை இருக்கும்? கணவரும் மாமியாரும் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது எந்தப் பெண் பதில் சொல்வார்? பெண் ஆலோசகர் ஒருவர் தனி அறையில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ‘முன்கூட்டியே எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள்’ என்று எழுதியவர்களின் திருப்தி தொடர்ந்து அதிகமாக இருக்கிறது. தையல் எவ்வளவு நேர்த்தி என்பதோடு, என்ன தையல் வரப்போகிறது என்று முதலிலேயே தெரிந்ததா என்பதும் சேர்ந்துதான் திருப்தியாகிறது. அரசு மருத்துவமனைக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. நேரம்தான் வேண்டும். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டரிடம் இல்லாததும் அந்த நேரம்தான்.

மிகப் பெரிய மார்பகம் உள்ளவர்களின் கதை தனி. பிரா பட்டை தோளில் பள்ளம் போட்டு, கழுத்துவலியோடும் முதுகுவலியோடும் பல வருடம் வாழ்ந்தவர்கள் அவர்கள். கட்டியோடு சேர்த்து இரண்டு பக்கத்தையும் அளவு குறைத்த பிறகு, அந்த வலி குறைந்ததே பெரிய நிம்மதி என்கிறார்கள். புற்றுநோய் ஆபரேஷனில் இப்படி ஒரு லாபத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல்லாமல் விடுகிறவை

வடிவம் திருத்துவதென்றால் தழும்பு அதிகம். முலைக்காம்பைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து கீழே ஒன்று, அடி மடிப்பில் ஒன்று. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடித்துக் கறுப்பதற்கும் வாய்ப்பு அதிகம். முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம், போயும் விடலாம். தையல் பிரிந்து புண் ஆறத் தாமதமாகலாம். சர்க்கரை நோய் இருந்தால், புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், உடல் பருமன் அதிகமென்றால் இதற்கான சாத்தியம் கூடும்.

கொழுப்புத் திசு செத்துக் கெட்டிப்படுவது இன்னொன்று. நகர்த்தி வைத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் போதாவிட்டால் அது உள்ளேயே இறுகி உருண்டையாகிவிடும். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படும். முன்கூட்டிச் சொல்லப்படாத பெண்ணுக்கு அந்த நொடி எப்படி இருக்கும்? ‘திரும்ப வந்துடுச்சு’ என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் போய்விடும். ஸ்கேன், சில சமயம் ஊசிப் பரிசோதனை செய்து, இது புற்று இல்லை என்று தெரியும்வரை நரகம்தான். இப்படி ஒன்று வரலாம், வந்தால் உடனே வந்து காட்டுங்கள், பெரும்பாலும் ஆபத்தில்லை என்று டிஸ்சார்ஜ் அன்று இரண்டே வரி சொல்லியிருந்தால் போதும்.

கதிர்வீச்சின் விளைவு மெதுவாகத் தெரியும். அந்தப் பக்கம் வருடக்கணக்கில் சுருங்கிக் கெட்டிப்படும், மறுபக்கம் வயதோடு தளரும். ஆபரேஷன் முடிந்த மாதம் சமமாக இருந்த இரண்டும் ஐந்தாவது வருடம் சமமாக இராது. அதனால்தான் சில மருத்துவர்கள் அந்தப் பக்கத்தைச் சற்றுப் பெரிதாகவே விட்டுவைக்கிறார்கள். மறுபக்கத்தையும் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. மார்பகம் முழுக்கப் பரவிய நோய், தோல் சிவந்து வீங்கும் வகை, கதிர்வீச்சு தர முடியாத நிலை ஆகியவற்றில் முழுதாக எடுப்பதே சரி. எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘எனக்கு முழுசா எடுத்தாத்தான் நிம்மதி’ என்று தானே தீர்மானிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல முடிவே. அவர்களுக்கும் மிச்சத் தோல் தொங்காமல், ஒரு பக்கம் முடிச்சு நிற்காமல் மட்டமாகத் தைத்துத் தர வேண்டும். மறுசீரமைப்பு வேண்டாமென்று மட்டமாக விட்டுக்கொண்ட 931 பெண்களிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய கருத்துக்கணிப்பு 2021-இல் வெளியானது. முக்கால்வாசிப் பேர் திருப்தி என்றார்கள். தங்கள் முடிவை அறுவை மருத்துவர் மதிக்கவில்லை என்று குறைபட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல். மதிப்பெண்ணைக் குறைத்ததில் அந்த அலட்சியத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

நம் ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டில் ஒரு பெண் ‘முழுசா எடுத்துடுங்க’ என்று சொல்வதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. கரன்ட் வைக்க நகரத்துக்கு வர வேண்டும், வாரக்கணக்கில் தங்க வேண்டும், கூட ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். மார்பகத்தை எடுத்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். பாதி நேரம் அந்தக் கணக்கே பொய்த்துவிடும். கட்டி பெரிதாகவோ அக்குளில் பரவியோ இருந்தால் முழுதாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு உண்டு. இதை யாரும் சொல்லாததால் மார்பகமும் போய், அலைச்சலும் மிஞ்சிய பெண்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சுக் காலமும் சுருங்கிவிட்டது. முன்பு ஐந்து வாரம், இன்று பரவலாக மூன்று வாரம், 15 தவணை. பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, ஒரே வாரத்தில் 5 தவணையில் முடித்தாலும் நோய்க் கட்டுப்பாட்டில் குறைவில்லை என்றது.

கட்டி பெரிது என்பதும் கதவை மூடிவிடாது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்வது இன்று வழக்கம்தான். முதலில் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு அறுவை என்ற வழியை அடையாறு புற்றுநோய் நிறுவனம் பல வருடம் முன்பே கையாண்டிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பிளாஸ்டிக் சர்ஜரிக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது’ என்று பில்லிங் கவுன்டரிலேயே சொல்லித் திருப்பி அனுப்புவது உண்டு. அது முழு உண்மையில்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குப் பட்டியலில் அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று இருக்கிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே முழு மார்பகம் எடுப்பதற்குப் பணம் தரும் காப்பீடு, சீரமைப்புக்கும், மறுபக்கத்தைச் சமன்செய்யும் ஆபரேஷனுக்கும் சேர்த்துத் தந்தாக வேண்டும்.

நம் புற்றுநோய் மையங்கள் எத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று வருடந்தோறும் கணக்குக் காட்டுகின்றன. செய்துகொண்ட பெண்களிடம் ஒரு வருடம் கழித்து எளிய தமிழில் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, அந்த மதிப்பெண்ணையும் சேர்த்து வெளியிட வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டு மெஷினோ தேவையில்லை. சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் நடக்கும்.

அதுவரை, வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா, முடியாதென்றால் ஏன்? முதலில் கீமோ கொடுத்தால் முடியுமா? வடிவம் திருத்தும் ஆபரேஷன் இங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே போகலாம்? ஓரத்தில் புற்றணு இருந்தால் அடுத்து என்ன? தழும்பு எங்கே வரும்? முன்பு செய்துகொண்டவர்களின் போட்டோவைக் காட்ட முடியுமா? இவற்றைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம், நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் பெரும்பாலும் இன்றிரவே செய்தாக வேண்டிய அவசர ஆபரேஷன் இல்லை. இன்னொரு டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.